ஓய்வுபெற்ற பணத்துக்கு வலை விரிக்கும் 'மாச வட்டி' ஆசாமிகள்: நெய்வேலிவாசிகளைக் காப்பாற்ற சட்டத்தில் என்ன இருக்கு?

நெய்வேலி:

மாதக் கடைசியில் நெய்வேலி டவுன்ஷிப்பில் மாலையும் கழுத்துமாக வீடு திரும்புகிறவர்களைப் பார்க்கலாம். 60 வயது முடிந்து என்.எல்.சி.யில் இருந்து ஓய்வு பெறும் ஊழியர்கள். பி.எப்., கிராஜுட்டி என்று வாழ்நாள் உழைப்பு மொத்தமும் லட்சக்கணக்கில் பேங்க் கணக்கில் வந்து விழும் நேரம் அது.

குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும். வடலூரிலோ இந்திரா நகரிலோ வீடு பார்க்க வேண்டும். மாசா மாசம் வந்த சம்பளம் இனி கிடையாது. இ.பி.எஸ். பென்ஷன் என்று வருவது பெரும்பாலானவர்களுக்குச் சில ஆயிரம்தான். என்ன செய்யலாம் என்று யோசித்துக் கொண்டிருக்கும்போது வீட்டு வாசலில் ஒருவர் வந்து நிற்பார். முன்பின் தெரியாத ஆள் இல்லை. ஒரே ஷிப்டில் கன்வேயரில் கூட வேலை பார்த்தவராக இருப்பார், அல்லது அதே வட்டத்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவராக இருப்பார்.

"அண்ணே, பேங்க்ல போட்டா என்ன வந்துடப் போகுது? நம்ம கம்பெனியில 10 லட்சம் போடுங்க. மாசம் ஒரு லட்சம் அக்கவுண்டுக்கு வந்துடும். நானும் போட்டிருக்கேன், இந்தாங்க மெசேஜைப் பாருங்க."

மெசேஜ் உண்மைதான். அவருக்குப் பணமும் வந்திருக்கும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏமாந்தவர்களைப் பார்த்து 'பேராசை' என்று சொல்லிவிடுவது ஊருக்குச் சுலபம். ஆனால் ரிட்டையர் ஆனவருக்குத் தேவை மாசா மாசம் கைக்கு வரும் ஒரு தொகை. அந்தத் தேவையைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் 'மாச வட்டி' என்று பெயர் வைக்கிறார்கள். சுரங்க விரிவாக்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு இழப்பீட்டுப் பணத்துடன் நிற்கும் சுற்றுவட்டார கிராமத்து விவசாயிக்கும் இதே கதைதான். மொத்தமாகப் பணத்தைக் கையாண்டு பழக்கம் இல்லாதவர்கள், இன்னொரு முறை சம்பாதிக்க வயசு இல்லாதவர்கள். சந்தையில் ரொம்ப பலவீனமான நுகர்வோர் இவர்கள்தான்.

கணக்கு இடிக்குதே!

10 லட்சம் போட்டவருக்கு மாசம் ஒரு லட்சம் என்றால், முதல் 10 மாசம் அவர் கைக்கு வருவது அவர் போட்ட பணமேதான். அதன் பிறகு கொடுக்க வேண்டியது புதுசாகப் பணம் போடுகிறவரின் பணம்.

ஒரு கம்பெனியில் 100 பேர் தலா 10 லட்சம் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாசா மாசம் வட்டி கொடுக்க மட்டும் ஒரு கோடி வேண்டும். அதற்குப் புதிதாக 10 பேரைப் பிடிக்க வேண்டும். அடுத்த மாசம் 110 பேருக்கு வட்டி கொடுக்க 11 பேர். இப்படியே போனால் ஏழெட்டு மாசத்துக்கு ஒரு தரம் ஆள் கணக்கு இரட்டிப்பாக வேண்டும். ஆறு வருஷத்தில் 95 ஆயிரம் பேரைத் தாண்டிவிடும். நெய்வேலி டவுன்ஷிப்பின் மக்கள்தொகையே 2011 சென்சஸ்படி 1 லட்சத்து 5 ஆயிரம் சொச்சம்தான். கைக்குழந்தை வரைக்கும் ஆளுக்கு 10 லட்சம் போட்டால்தான் கம்பெனி ஓடும்!

இந்த வித்தை புதுசு கிடையாது. 1920-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் போன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லி ஊரையே சுருட்டினார். அவர் பெயரையே இந்த மோசடிக்கு வைத்துவிட்டார்கள். 1997-ல் அல்பேனியா நாட்டில் இதே மாதிரி கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்து, பணத்தைப் பறிகொடுத்த மக்கள் தெருவில் இறங்கிக் கலவரமாகி, அரசாங்கமே கவிழ்ந்தது.

நம்ம ஊர் கதை

தமிழ்நாட்டுக்கும் இதில் பெரிய சரித்திரம் உண்டு. 1990-களில் பைனான்ஸ் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்து ஒவ்வொன்றாக மூடின. 'அனுபவ்' தேக்கு மரத் திட்டம் 1998-ல் கவிழ்ந்தது. 2009-ல் திருப்பூர் 'பாசி' அன்னியச் செலாவணி விவகாரம் வெடித்தது. 2012-ல் பெருந்துறை பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் படுத்தன. 2022-ல் சென்னை 'ஆருத்ரா' நிறுவனம் மீது வழக்கு பாய்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் மாசம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொல்லி 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் செய்தார்கள் என்பது போலீஸ் தரப்பின் குற்றச்சாட்டு.

தேக்கு, டாலர், கோழி, தங்கம் என்று பெயர்தான் மாறுகிறது.

1997-ல் வந்த சட்டம்

பைனான்ஸ் கம்பெனிகளில் பணம் போட்டு ஜனங்கள் தெருவுக்கு வந்ததைப் பார்த்து 1997-ல் தமிழக அரசு தனியாக ஒரு சட்டம் கொண்டு வந்தது. தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலன் பாதுகாப்புச் சட்டம். போலீஸ், கோர்ட் வட்டாரத்தில் 'டி.என்.பி.ஐ.டி.' என்றால்தான் தெரியும்.

இந்தச் சட்டத்தின் பெரிய பலம், பணம் போட்ட ஒவ்வொருத்தரும் தனித்தனியாக வக்கீல் வைத்து சிவில் கேஸ் போட்டு அலைய வேண்டியதில்லை என்பது. பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று புகார் வந்தால் அரசே கம்பெனியின் சொத்தை முடக்கலாம். கம்பெனி சொத்து போதவில்லை என்றால் நடத்தியவர்கள், டைரக்டர்கள், பங்குதாரர்களின் சொந்தச் சொத்தையும் தொடலாம். சட்டத்துக்கு டிமிக்கி கொடுக்க வேறொருவர் பெயருக்கு மாற்றி வைத்த சொத்தையும் விடாது. அதை விற்று, பணம் போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். விசாரிக்க சென்னை, கோவை, மதுரையில் தனி கோர்ட்டுகள் உள்ளன. குற்றம் நிரூபணமானால் 10 வருஷம் வரை ஜெயில்.

'இப்படி ஒரு சட்டம் போட மாநில அரசுக்கு அதிகாரமே இல்லை' என்று வழக்கு போட்டார்கள். அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. 2011 மார்ச்சில் கே.கே.பாஸ்கரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது. கோர்ட் கட்டணம், வக்கீல் பீஸ், வருஷக்கணக்கான இழுத்தடிப்பு இதையெல்லாம் தாண்டி சாதாரண ஜனங்கள் வழக்கமான சிவில் கேஸ் வழியில் பணத்தை மீட்க முடியாது, அதனால்தான் இப்படி ஒரு தனி ஏற்பாடு தேவைப்பட்டது என்று நீதிபதிகள் சொன்னார்கள். மகாராஷ்டிரா போட்ட இதே மாதிரி சட்டத்தை மும்பை ஐகோர்ட் ரத்து செய்திருந்தது. அந்த வாதத்தை சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை.

13 வருஷம்!

சட்டம் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம் என்று நினைத்துவிட வேண்டாம். 'பாசி' விவகாரம் வெடித்தது 2009-ல். கேஸ் சி.பி.ஐ. கைக்குப் போய், கோவை கோர்ட் தீர்ப்பு சொன்னது 2022 ஆகஸ்டில். குற்றவாளிகளுக்கு 27 வருஷம் ஜெயில், 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. நடுவில் போனது 13 வருஷம். 60 வயதில் பணம் போட்டவருக்கு 73 வயது ஆகியிருக்கும்.

மிஞ்சியிருக்கும் சொத்தைத்தான் கோர்ட் பிரித்துக் கொடுக்க முடியும். மிஞ்சாததை எந்தச் சட்டத்தாலும் கொடுக்க முடியாது. அதனால்தான் சீக்கிரம் புகார் கொடுப்பது முக்கியமாகிறது. ஆனால் வட்டி நின்றதும் ஏஜென்ட் என்ன சொல்வார் தெரியுமா? "போலீசுக்குப் போனா கம்பெனியை சீல் வெச்சுடுவாங்க, அப்புறம் ஒரு பைசா வராது. மூணு மாசம் பொறுங்க." இந்த மூணு மாசத்தில்தான் நிலம் கைமாறும், வீடு கைமாறும், ஆளும் பறந்துவிடுவார்.

ஏஜென்ட்டும் தப்ப முடியாது

2019-ல் மத்திய அரசு இன்னொரு சட்டம் போட்டது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம். பழைய சட்டத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்பெல்லாம் பணத்தைத் திருப்பித் தராமல் போன பிறகுதான் பெரும்பாலும் சட்டம் உள்ளே வரும். இதில் அனுமதி இல்லாமல் டெபாசிட் வாங்குவதே குற்றம். வட்டி ஒழுங்காக வந்து கொண்டிருக்கும்போதே புகார் கொடுக்கலாம், நடவடிக்கை எடுக்கலாம்.

இன்னொன்று நெய்வேலி மாதிரி ஊருக்கு ரொம்ப முக்கியம். 'நம்ம கம்பெனியில பணம் போடுங்க' என்று ஆள் பிடிப்பதும் தனிக் குற்றம். இதற்கு 1 முதல் 5 வருஷம் வரை ஜெயில், 2 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். டெபாசிட் வாங்கியவருக்கு 2 முதல் 7 வருஷம். வாங்கிவிட்டு மோசடியாகத் திருப்பித் தராமல் போனால் 3 முதல் 10 வருஷம்.

கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஆள் சேர்த்துவிடுகிற பலர் தாங்களே பணம் போட்டு ஏமாந்தவர்கள்தான். சொந்த மச்சானையும் சம்பந்தியையும் சேர்த்துவிட்டு, கம்பெனி ஓடிய பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலைமை இவர்களுக்கு. பரிதாபம்தான். ஆனால் 'நானும் ஏமாந்தேன்' என்று சொன்னால் மட்டும் சட்டம் விட்டுவிடாது.

சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்குவதையோ மகளிர் சுய உதவிக்குழு சந்தாவையோ இந்தச் சட்டம் தடை செய்யவில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

ஞாபகம் வெச்சுக்க ஒரே நம்பர்: 12.5

யார் நல்ல கம்பெனி, யார் பலே ஆசாமி என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? ஒரு நம்பரை மனசில் வைத்துக்கொண்டாலே பாதிக் கண்டம் கழிந்துவிடும். ரிசர்வ் வங்கி அனுமதி பெற்று டெபாசிட் வாங்கும் பைனான்ஸ் கம்பெனிகூட வருஷத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. மாசத்துக்கு இல்லை, வருஷத்துக்கு! மாசம் 5, மாசம் 10 என்று யார் சொன்னாலும் அது அப்போதே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

எல்லா பைனான்ஸ் கம்பெனிக்கும் டெபாசிட் வாங்க அனுமதி கிடையாது. கடன் கொடுக்க லைசென்ஸ் வைத்திருப்பவர் அதையே பிரேம் போட்டு மாட்டிவிட்டு டெபாசிட் வாங்குவார். ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுப் பார்த்தால் டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று தெரியும். அங்கேயே புகாரும் கொடுக்கலாம். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

'ரொக்கமா குடுங்க' என்று கேட்டால் அப்போதே உஷாராகிவிட வேண்டும். வருமான வரிச் சட்டப்படி 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ டெபாசிட்டை ரொக்கமாக வாங்கக்கூடாது. பேங்க் வழியாகப் போன பணத்துக்குத்தான் நாளைக்கு கோர்ட்டில் சாட்சி இருக்கும்.

மாச வருமானம்தான் தேவை என்றால் தபால் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் இதன் உச்சவரம்பு 15 லட்சத்தில் இருந்து 30 லட்சமாக உயர்ந்தது, வட்டியும் 8.2 சதவீதம் ஆனது. அந்த வட்டிக் கணக்குப்படி 20 லட்சம் போட்டால் மூணு மாசத்துக்கு ஒரு தடவை 41 ஆயிரம் ரூபாய். வட்டி விகிதத்தை அரசு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அறிவிக்கும். போடும்போது இருக்கும் விகிதமே ஐந்து வருஷத்துக்கும் நிலைக்கும். மாசம் 2 லட்சம் என்று கேட்ட காதுக்கு 41 ஆயிரம் சப்பென்றுதான் இருக்கும்.

சீட்டு போட்டவர்கள் கவனத்துக்கு

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இவ்வளவு பெரிய தொகை எங்கே வரும்? அவர்கள் பணம் போய்ச் சேருவது சீட்டில். மந்தாரக்குப்பம் கடைத்தெருவாக இருந்தாலும் சரி, சுரங்க கேன்டீனாக இருந்தாலும் சரி, சீட்டு இல்லாத இடம் கிடையாது.

1982-ம் வருஷ சிட்பண்ட் சட்டப்படி ஏலச்சீட்டு நடத்த முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணை கட்ட வேண்டும். கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. சேருகிறவருக்கு ஒப்பந்த நகல் கொடுக்க வேண்டும். தகராறு வந்தால் பதிவுத்துறையின் சீட்டுப் பதிவாளரிடம் போகலாம். பதிவு இல்லாத சீட்டில் இது எதுவும் கிடையாது. நோட்டுப் புத்தகத்தில் பென்சிலில் எழுதிய கணக்குதான்.

தீபாவளிச் சீட்டு இன்னும் மோசம். மாசம் 500, 1,000 கட்டினால் தீபாவளிக்குப் பட்டாசு, ஸ்வீட், மளிகை, வெள்ளிக் காசு என்பார்கள். இதில் ஏலமும் இல்லை, குலுக்கலும் இல்லை. பெயர்தான் சீட்டு, உண்மையில் அது டெபாசிட். 2022 தீபாவளி சமயத்தில் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு பக்கம் இப்படிப் பணம் கட்டியவர்கள் கடை வாசலில் குவிந்து நின்றதை மறந்திருக்க மாட்டார்கள். கட்டிய தொகை சின்னது என்று புகார் கொடுக்காமல் விடுகிறவர்கள்தான் இதில் அதிகம். மேலே சொன்ன இரண்டு டெபாசிட் சட்டங்களிலும் சின்னத் தொகை, பெரிய தொகை என்ற பாகுபாடு கிடையாது.

பேங்க் கவுண்டரிலேயே மாட்டும் வலை

தெருவில் இருப்பவனை நம்பக்கூடாது, பேங்க்தான் பாதுகாப்பு என்று போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. எப்.டி. போடப் போனவருக்கு இன்சூரன்ஸ் பாலிசியை எழுதிக் கொடுத்து அனுப்பும் கூத்து நாடு முழுக்க நடக்கிறது. 'ஒரே ஒரு தடவை கட்டினால் போதும் சார்' என்பார்கள். அடுத்த வருஷம் 'பிரீமியம் கட்டுங்க' என்று போன் வரும்போதுதான் வருஷா வருஷம் கட்டும் பாலிசி என்றே தெரியும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பாலிசி பத்திரம் கைக்கு வந்த 30 நாளைக்குள் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால், ஸ்டாம்ப் செலவு மாதிரி சில்லறை கழிவுகள் போகப் பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். முன்பு பல பாலிசிகளுக்கு 15 நாள்தான் இருந்தது. 2024 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 30 நாளாக்கினார்கள். பத்திரத்தைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்களுக்கு இந்த 30 நாள் வீணாகிவிடும்.

நாள் தாண்டிவிட்டால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாசத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். பீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

கடலூரிலேயே கேஸ் போடலாம்

இன்னொரு வழி கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி ஹெட் ஆபீஸ் மும்பையில் இருந்தாலும் நெய்வேலிக்காரர் கடலூரிலேயே கேஸ் போடலாம். புகார்தாரர் குடியிருக்கும் ஊரில் வழக்கு என்ற இந்த உரிமை 2019-ல் வந்த புது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் கிடைத்தது. 2020 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை நடந்த 2 வருஷத்துக்குள் போட வேண்டும். போனில் யோசனை கேட்க 1915.

ஒரு குறையும் இருக்கிறது. ஒருதலைப்பட்சமான, நியாயமற்ற ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்கு போடும் உரிமையையும் இந்தப் புதுச் சட்டம் கொடுத்தது. அளவுக்கு மீறிய அபராதம், கடனை முன்கூட்டி அடைக்க விடாத நிபந்தனை இதெல்லாம் அதில் வரும். ஆனால் அந்த வழக்கை மாவட்டத்தில் போட முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஏழைத் தொழிலாளி ஒரு நாள் கூலியை விட்டு சென்னைக்கு பஸ் ஏற வேண்டும் என்பது எந்த ஊர் நியாயமோ!

புகார் எங்கே?

டெபாசிட் மோசடி என்றால் போலீசின் பொருளாதாரக் குற்றப்பிரிவு. லோக்கல் ஸ்டேஷனில், 'இது எங்க எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக்கூடாது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் வழக்குப் பதிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து ஷேர் டிரேடிங் என்று பணத்தைச் சுருட்டியிருந்தால் அந்த நிமிஷமே 1930-க்கு போன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

பாண்டு பத்திரம், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், ஏஜென்ட் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம். ஒரிஜினல் பத்திரத்தை 'புதுப்பித்துத் தர்றோம்' என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவது இவர்களின் வழக்கமான வேலை. கொடுக்கவே கூடாது. போலீசுக்கும் ஜெராக்ஸ் கொடுத்து, புகார் ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். நடவடிக்கை இல்லை என்றால் திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. இந்தப் பட்டியலில் இன்னொரு பிரிவும் உண்டு, நெய்வேலியில் நிறைய பேருக்கு இது தெரியாது. 1987-ம் வருஷ சட்டத்திலேயே 'தொழிற்சாலைத் தொழிலாளி' என்று எழுதியிருக்கிறது. ஆணைக்குழுவின் போன் நம்பர் 15100.